பந்தய மைதானத்துக்கு என்ன உடுத்துவது?

என் நண்பர் ஒருவரின் மகள் மெல்போர்ன் நகரத்தில் வேலை பார்க்கிறாள். சென்ற மாதம் அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது.

"மாமா, இங்கே வசந்த காலத்துக் குதிரைப் பந்தயம் பெரிய திருவிழா. முதல் சனிக்கிழமையன்று எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் போகிறார்கள், என்னையும் அழைத்திருக்கிறார்கள். அம்மாவிடம் சொன்னேன். 'சூதாடுகிற இடத்துக்குப் பெண் பிள்ளை போவதாவது!' என்று ஒரு பாட்டம் பாடித் தீர்த்துவிட்டாள். அதுகூடப் பரவாயில்லை. எதை உடுத்திக்கொண்டு போவது என்பதுதான் என் கவலை. தலையில் தொப்பி வேண்டுமாம். அன்றைக்குக் கறுப்பும் வெள்ளையும் உடுத்துவதுதான் வழக்கமாம். நான் புடவையில் போனால் சிரிப்பார்களா? நீங்கள் எத்தனையோ கதாநாயகிகளுக்குப் புடவை கட்டிவிட்டவராயிற்றே, சொல்லுங்கள்."

கடைசி வரி என்னைச் சுருக்கென்று தைத்தது. அவள் விளையாட்டாகத்தான் எழுதியிருக்கிறாள். ஆனால் அது பழைய புண்.

என் முதல் நாவலில் கதாநாயகி தேர்த் திருவிழாவுக்குப் புறப்படுகிற ஓர் இடம் உண்டு. அவள் உடுத்தியிருந்த பட்டுப் புடவையை அரைப் பக்கத்துக்கு வர்ணித்திருந்தேன். மாம்பழ நிறம், அரக்குக் கரை, தாழம்பூ ரேக்கு என்று ஒன்றும் பாக்கி வைக்கவில்லை. பத்திரிகையில் அந்த அத்தியாயம் வந்த வாரத்தில், கும்பகோணத்திலிருந்து ஓர் அம்மையார் கார்டு போட்டிருந்தார். இரண்டே கேள்விகள். "ஏழை வாத்தியார் மகளுக்கு அந்தப் புடவையை யார் வாங்கிக் கொடுத்தார்கள்? சித்திரை வெயிலில் பட்டைக் கட்டிக்கொண்டு வடம் பிடித்தவளுக்கு வேர்க்கவே இல்லையா?"

நான் பதில் எழுதவில்லை. எழுதுவதற்கு என்னிடம் பதில் இருந்தால் அல்லவா? ஆனால் கதைகளில் உடையைப் பற்றி யார் எழுதியிருந்தாலும், அன்று முதல் அந்த இரண்டு கேள்விகளையும் கேட்டுப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. வாங்கிக் கொடுத்தவர் யார்? உடுத்தியவளுக்கு எப்படி இருந்தது? பந்தய மைதானத்து உடையைப் பற்றி இந்தப் பெண் கேட்டதும், பெரிய எழுத்தாளர்கள் தங்கள் பெண்களைக் குதிரைப் பந்தயத்துக்கு எப்படி அனுப்பினார்கள் என்று அலமாரியில் தேடத் தொடங்கினேன்.

முதலில் கைக்கு வந்தது பிரெஞ்சு நாவலாசிரியர் எமிலி ஸோலா 1880-ல் வெளியிட்ட 'நானா'. பாரிஸ் நகரத்துப் பணக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக அழிந்துபோவதற்குக் காரணமாகிற ஒரு நடிகையின் கதை அது. அதில் ஓர் அத்தியாயம் முழுவதும் பாரிஸின் பெரிய பந்தயம்தான். நானா, லாண்டோ என்னும் திறந்த வண்டியில் ராணி போல வந்து இறங்குகிறாள். நீலப் பட்டில் உடலோடு ஒட்டிய மேலங்கி. வெள்ளை சாட்டின் பாவாடை. நீலத் தொப்பியில் ஒரு வெள்ளை இறகு. பின்னால் தொங்கும் பொன்னிறக் கூந்தல் குதிரையின் வாலைப் போல் இருக்கிறதாம்.

நான் எழுதிய தாழம்பூ ரேக்கு மாதிரிதானே இதுவும் என்று வாசகர்கள் நினைக்கலாம். அப்படி அல்ல. அந்த நீலமும் வெள்ளையும் வந்தெவர் பிரபுவின் குதிரை லாயத்து நிறங்கள். அவருடைய குதிரைகளை ஓட்டும் ஜாக்கிகள் அணிகிற நிறங்கள். போதாக்குறைக்கு அன்று ஓடுகிற அவருடைய பெண் குதிரை ஒன்றுக்கும் நானா என்றே பெயர். ஆக, ஒரு மேலங்கியையும் ஒரு பாவாடையையும் சொல்லிக்கொண்டே, அவள் யாருடைய சொத்தாக அங்கே வந்து நிற்கிறாள் என்பதை ஸோலா சொல்லிவிடுகிறார். யார் வாங்கிக் கொடுத்தது என்ற கும்பகோணத்துக் கேள்விக்கு இதைவிட அப்பட்டமான பதிலை நான் எந்த நாவலிலும் கண்டதில்லை.

குதிரை நானா ஜெயிக்கிறது. கூட்டம் முழுவதும் அந்தப் பெயரைக் கூவுகிறது. வண்டியின் ஆசனத்தில் ஏறி நிற்கிற பெண் நானாவோ, தானே ஓடுவது போலத் தன்னை அறியாமல் இடுப்பை அசைக்கிறாள். ஊரே தன்னை வாழ்த்துவதாக அவளுக்கு ஒரு மயக்கம். அந்த வெற்றிக்குப் பின்னால் ஒரு மோசடி இருக்கிறது. அது வெளிப்பட்டதும் பிரபு தம் லாயத்துக்குத் தீ வைத்துக் குதிரைகளோடு தாமும் மாண்டு போகிறார். அவள் அன்று உடுத்தியிருந்தது சாகப் போகிறவரின் நிறம் என்பது நமக்குப் பிறகுதான் உறைக்கிறது.

ஆனாலும் ஸோலாவிடம் எனக்கு ஒரு குறை உண்டு. இரண்டாவது கேள்வியை அவர் கேட்பதே இல்லை. அந்த இறுக்கமான பட்டுக்குள் நானாவுக்கு மூச்சு முட்டியதா, அந்தத் தொப்பி கனத்ததா என்று அவருக்கு அக்கறை கிடையாது. கூட்டத்தில் ஒருவராக வெளியே நின்று அவளைப் பார்க்கிறார். குதிரையைப் பார்ப்பது போலப் பார்க்கிறார். அவருடைய பலமும் அதுதான்; அதற்கு மேல் அவரால் போக முடியாததும் அதனால்தான்.

டால்ஸ்டாய் நேர் எதிர். 'அன்னா கரினீனா'வில் வருகிற பந்தயத்தை வாசகர்களில் பலர் படித்திருப்பார்கள். பந்தயத்துக்கு அன்னா என்ன நிறத்தில் உடுத்தியிருந்தாள் என்று கேட்டால் அவர்களில் ஒருவருக்கும் பதில் தெரியாது. அதற்கு முன் வருகிற நடன விருந்தில் அவளுடைய கறுப்பு வெல்வெட்டை மறக்க முடியாதபடி எழுதியவர், இங்கே கஞ்சனாகிவிடுகிறார். கண்ணாடி முன் நின்று ரிப்பனைப் பின் குத்திக்கொண்டிருக்கிறாள், வாசலில் கணவரின் வண்டிச் சத்தம் கேட்கிறது: அவ்வளவுதான் அலங்காரம்.

ஆனால் அந்த உடைக்குள் இருப்பவளை நாம் அறிவோம். அவள் கர்ப்பமாக இருக்கிறாள். குழந்தை கணவருடையது அல்ல. பந்தயத்தில் ஓடப் போகிற விரான்ஸ்கியிடம் அன்றைக்குத்தான் அதைச் சொல்லியிருக்கிறாள். மைதானத்துக்கு வந்த கணவர் பெண்கள் அமர்ந்திருக்கும் பக்கம் திரும்பி அவளையே நேராகப் பார்க்கிறார். மஸ்லினும் ரிப்பனும் இறகும் குடையும் பூவுமாக அலைமோதுகிற கடலில், சொந்த மனைவி எங்கே இருக்கிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை. பந்தயம் தொடங்கிய பிறகு அவர் குதிரைகளைப் பார்ப்பதில்லை, அவளைத்தான் பார்க்கிறார். விசிறியை இறுகப் பற்றியிருக்கிற அந்தக் கையைப் பார்த்தே எல்லாவற்றையும் புரிந்துகொள்கிறார்.

உடுத்தியவளுக்கு எப்படி இருந்தது என்ற கேள்விக்கு ஒரு விசிறியை வைத்துக்கொண்டு பதில் சொல்லிவிட்டார் டால்ஸ்டாய். அவளுடைய உடையை வர்ணிக்காமல் விட்ட மனிதர் விரான்ஸ்கியின் குதிரைக்கு வைத்த பெயரையும் கவனியுங்கள்: ஃப்ரூ-ஃப்ரூ. பிரெஞ்சில் அது பட்டுப் பாவாடை சரசரக்கும் ஓசை. அந்தக் குதிரைதான் தன்மேல் இருந்தவன் செய்த ஒரு பிழையால் முதுகு ஒடிந்து விழுகிறது. அன்னாவின் கதியை இங்கேயே எழுதிவிட்டார் என்று விமரிசகர்கள் சொல்வதுண்டு. எனக்குத் தோன்றுவது அதைவிடச் சிறிய விஷயம். பட்டின் சரசரப்பை அன்னாவிடமிருந்து எடுத்துக் குதிரைக்குக் கொடுத்துவிட்டார். அதனால்தான் உடையின் தொந்தரவு இல்லாமல் நம்மால் அன்னாவின் முகத்தைப் பார்க்க முடிகிறது.

இந்த இரண்டு பேரையும் படித்த பிறகு 'மை ஃபேர் லேடி' படத்தின் ஆஸ்காட் காட்சியைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் அலுப்புத் தட்டுகிறது. குற்றம் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். 1964-ல் வந்த அந்தப் படத்தின் உடைகளுக்காக ஸெஸில் பீட்டன் ஆஸ்கார் பரிசு பெற்றார். அந்தக் காட்சி கண்ணுக்கு விருந்து என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஏழாம் எட்வர்ட் மன்னர் 1910 மே மாதம் காலமானார். அடுத்த மாதம் நடந்த ஆஸ்காட் பந்தயத்துக்குச் சீமான்களும் சீமாட்டிகளும் துக்கம் அனுஷ்டித்துக் கறுப்பு உடையில் வந்தார்கள். அந்தக் 'கறுப்பு ஆஸ்காட்' நினைவில்தான் பீட்டன் தம் சீமாட்டிகளைக் கறுப்பிலும் வெள்ளையிலும் நிறுத்தினார். பெர்னார்ட் ஷா எழுதிய 'பிக்மேலியன்' நாடகத்தில் ஆஸ்காட்டே கிடையாது. ஒரு வீட்டுக் கூடத்தில் தேநீர் விருந்துதான். அதை மைதானத்துக்கு மாற்றியதில் உடைக்கு நிறைய லாபம். பாத்திரத்துக்கு?

ஒரே ஒரு கணத்தில் லாபம் இருக்கிறது. அசையாமல் நின்று குதிரைகளைப் பார்க்கிற அந்தக் கூட்டத்தின் நடுவே, குட்டி வண்டிச் சக்கரம் போன்ற தொப்பியைச் சுமந்துகொண்டு நிற்கிற எலைசா, தன் குதிரை பின்தங்குவது பொறுக்காமல் தெருப் பேச்சில் கத்திவிடுகிறாள். அவளுடைய வாய் அவளுடைய உடையைக் கிழித்துவிட்ட கணம் அது. அவளே இரண்டு ஆண்களின் பந்தயத்தில் ஓடவிடப்பட்ட குதிரைதான். இருந்தும், அங்கே பந்தயத்தை உண்மையாகப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். சிரிப்போடு படம் அதை விட்டுவிடுகிறது. நாவலாசிரியன் அங்கேதான் பேனாவைத் திறந்திருப்பான்.

கதைகள் போகட்டும். என் நண்பரின் மகள் போகவிருக்கிற ஃப்ளெமிங்டன் மைதானத்திலேயே உண்மையில் ஒன்று நடந்தது. அதற்கு ஈடான அத்தியாயத்தை எந்த நாவலாசிரியனும் எழுதவில்லை என்றே சொல்வேன்.

தென்கோடி நாடான ஆஸ்திரேலியாவில் நவம்பர்தான் வசந்தம். 1861-ல் தொடங்கிய மெல்போர்ன் கோப்பைப் பந்தயம் நவம்பர் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை நடக்கிறது. அதற்கு முந்திய சனிக்கிழமை டெர்பி நாள். 1962-ல் அங்கே பெண்களின் உடைக்கென்றே ஒரு போட்டியும் தொடங்கிவிட்டார்கள். 1965-ல் அந்தப் போட்டிக்கு நடுவராக லண்டனிலிருந்து ஜீன் ஷ்ரிம்ப்டன் என்ற பெண்ணை வரவழைத்தார்கள். அவளுக்கு அப்போது வயது 22. உலகத்திலேயே பெயர் பெற்ற மாடல் அழகி. செயற்கை நூல் தயாரிக்கும் டூபாண்ட் கம்பெனிக்கு இதில் பங்கு உண்டு. அவர்களுடைய ஆர்லான் துணியில்தான் அவளுக்கு உடைகள் தைக்க வேண்டும். தையற்காரருக்கு வந்த துணியோ போதவில்லை. கொஞ்சம் குட்டையாகத் தைத்தால் போயிற்று, யார் கவனிக்கப் போகிறார்கள் என்று அவள் சொன்னதாகக் கதை.

அக்டோபர் 30-ஆம் தேதி, டெர்பி நாள். வெயில் கொளுத்துகிறது. முழங்காலுக்கு நாலு அங்குலம் மேலே நின்றுவிட்ட ஒரு வெள்ளை உடையில் அவள் மைதானத்துக்குள் வந்தாள். தலையில் தொப்பி இல்லை. கையில் உறை இல்லை. காலிலும் உறை இல்லை. ஃப்ளெமிங்டன் சீமாட்டிகள் திகைத்துப் போனார்கள். மறுநாள் முதல் குதிரைகளைப் பற்றி யாரும் பேசவில்லை. அவளுடைய முழங்காலைப் பற்றியே ஊர் பேசிற்று. லண்டன் பத்திரிகைகள் வரைக்கும் அந்தப் பேச்சுப் போயிற்று.

உடையின் சரித்திரம் எழுதுகிறவர்கள் இந்தச் சனிக்கிழமையைக் கொண்டாடுகிறார்கள். குட்டைப் பாவாடை ஆஸ்திரேலியாவை வென்ற நாள் என்று எழுதுகிறார்கள். நான் என் இரண்டு கேள்விகளையும் கேட்டுப் பார்த்தேன். வாங்கிக் கொடுத்தது யார்? ஒரு நூல் கம்பெனி. உடுத்தியவளுக்கு எப்படி இருந்தது? வெயில், காலுறையை விட்டாள், அவ்வளவுதான். புரட்சி செய்யப் புறப்பட்டவள் அல்ல அவள். துணி பற்றாத ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு, சொன்ன வேலையைச் செய்ய வந்தவள். புரட்சி எல்லாம் பார்த்தவர்கள் கண்ணில் இருந்தது.

ஆனால் கதை சனிக்கிழமையோடு முடியவில்லை. மூன்று நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை, கோப்பைப் பந்தயத்துக்கு அதே பெண் மறுபடி வந்தாள். இந்தத் தடவை சாம்பல் நிற ஸூட், தலையில் வைக்கோல் தொப்பி, கையில் உறை, காலில் உறை. ஒரு குறையும் சொல்ல முடியாது. சனிக்கிழமையன்று முகம் சுளித்தவர்களுக்குத் திருப்தி.

அந்தச் செவ்வாய்க்கிழமைக் காலைதான் என் மனத்தை விட்டு நீங்குவதில்லை. ஓர் ஊரே பேசித் தீர்த்த பிறகு கண்ணாடி முன் நின்று ஒவ்வொரு விரலாகக் கையுறையை மாட்டிக்கொள்கிற 22 வயதுப் பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும்? கோபமா? சிரிப்பா? வேலைதானே என்ற அலட்சியமா? ஒரு நாள் எதிர்த்து நிற்பவளைப் பற்றி எழுதுவது எளிது. மறுநாள் பணிந்து போகிறவளை, அவளைக் கேவலப்படுத்தாமல் எழுதுவதுதான் கஷ்டம். நம் பெண்களின் வாழ்க்கையில் சனிக்கிழமைகள் குறைவு, செவ்வாய்க்கிழமைகளே அதிகம். நம் கதைகளிலோ கணக்குத் தலைகீழாக இருக்கிறது. நான் எழுதியவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அதே மைதானத்தில், அதே கோப்பைச் செவ்வாய்க்கிழமையில், சரியாக 50 வருஷமும் ஒரு நாளும் கழிந்து, 2015 நவம்பர் 3-ஆம் தேதி இன்னொரு பெண்ணின் உடையை ஊர் பார்த்தது. அவள் பெயர் மிஷெல் பெய்ன். அவள் பார்வையாளர் வரிசையில் இல்லை, குதிரைமேல் இருந்தாள். பெண்கள் அந்தக் கோப்பையில் குதிரை ஓட்டுவதே 1987-ல்தான் தொடங்கியது. பெய்ன் ஓட்டிய 'ப்ரின்ஸ் ஆஃப் பென்ஸான்ஸ்' என்ற குதிரையை யாரும் மதிக்கவில்லை. ஒன்றுக்கு நூறு தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அது ஜெயித்தது. அந்தக் கோப்பையை வென்ற முதல் பெண் ஜாக்கி அவள்தான். பெண்ணுக்குப் பலம் போதாது என்று சொல்லிவந்தவர்களுக்கு அவள் அங்கேயே, மூச்சு வாங்கிக்கொண்டே, நறுக்கென்று பதில் கொடுத்தாள்.

அவள் அன்று அணிந்திருந்த சட்டை ஊதா, வெள்ளை, பச்சை. குதிரைச் சொந்தக்காரர்களின் நிறங்கள்தாம் அவையும். நானா அணிந்ததும் சொந்தக்காரரின் நிறம். பெய்ன் அணிந்ததும் சொந்தக்காரர்களின் நிறம். ஆனால் இரண்டுக்கும் எவ்வளவு தூரம்! அவர்கள் தந்த சட்டைதான் என்றாலும், அதற்குரிய வேலையை அவள் செய்து காட்டினாள். தற்செயலாக இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. இங்கிலாந்தில் ஓட்டுரிமைக்காகப் போராடிய பெண்கள் 1908 முதல் தங்கள் கொடியின் நிறமாகக் கொண்டதும் இதே ஊதா, வெள்ளை, பச்சைதான். 1913 ஜூன் 4-ஆம் தேதி எப்ஸம் டெர்பியில், ஓடிக்கொண்டிருந்த மன்னரின் குதிரைக்கு முன்னால் போய் நின்று, நாலாம் நாள் உயிர் விட்டாளே எமிலி டேவிஸன், அவளிடம் இருந்ததும் அந்த நிறக் கொடிகள்தாம். ஒரு பந்தய மைதானத்தில் விழுந்த நிறம், பூகோளத்தின் மறுபக்கத்தில் இன்னொரு பந்தய மைதானத்தில் முதலாவதாக வந்தது. இதை நான் கதையில் எழுதினால் பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார். இட்டுக்கட்டியது என்று குறிப்பும் எழுதுவார்.

இத்தனையையும் அந்தப் பெண்ணுக்குக் கடிதத்தில் எழுத முடியாது. அவளுக்கு எழுதியது இவ்வளவுதான்:

"புடவையிலேயே போ, அம்மா. இங்கிலாந்து மன்னரே வந்து உட்காருகிற ஆஸ்காட் வளாகத்தில் தொப்பியின் அடிப்பாகம் நாலு அங்குலம் இருக்க வேண்டும் என்று அளவுகூட வைத்திருக்கிறார்கள். அவர்களே வெளிநாட்டார் தங்கள் தேசிய உடையில் வரலாம் என்றுதான் சொல்கிறார்கள். உன் மைதானத்தில், உன்னை அழைத்திருக்கிற பகுதிக்கு என்ன விதி என்பதை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். கறுப்பு வெள்ளை என்றால் உன் அம்மாவுக்கு இரண்டுமே ஆகாது. ஒன்று அபசகுனம், மற்றது அதைவிட மோசம் என்பாள். கறுப்பும் வெள்ளையும் கட்டம் போட்டு அரக்குக் கரை வைத்த செட்டிநாட்டுக் கண்டாங்கி ஒன்று இருக்குமானால் அம்மா வாயும் அடைபடும், அந்த ஊர் வழக்கமும் கெடாது. புல்தரையில் குதி உயர்ந்த செருப்பு புதைந்துபோகும், தட்டையாகப் போட்டுக்கொள். மெல்போர்னில் ஒரே நாளில் வெயிலும் மழையும் குளிரும் வரும். கையில் ஒரு சால்வை இருக்கட்டும். மடிப்பை நன்றாக ஊசி குத்திக்கொள்.

ஆனால் ஒன்று. புடவையை உன் சம்பளத்தில் நீயே வாங்கிக்கொள். குதிரைகள் கடைசி வளைவு திரும்பும்போது எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்த முடிகிற புடவையாக இருக்க வேண்டும். யார் பார்க்கிறார்கள் என்று பார்க்காதே, குதிரையைப் பார். அங்கே வருகிறவர்களில் பலர் செய்யத் தவறுவது அதைத்தான்.

போய் வந்ததும் எனக்கு எழுது. யார் என்ன உடுத்தியிருந்தார்கள் என்று வேண்டாம். உனக்கு வேர்த்ததா, குளிர்ந்ததா, அதை எழுது."

கும்பகோணத்து அம்மையார் இன்று இருக்கிறாரோ இல்லையோ தெரியாது. இருந்தால், இத்தனை வருஷம் கழித்து எழுதப்பட்ட இந்தப் பதிலை அவரும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.